பள்ளத்தூர் பாப்பா

அன்புள்ள அண்ணன்மார், ஆச்சிமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நம் ஊர்க்காரர் மடல் குழுவில் சிங்கப்பூர்த் தம்பி ஒருவர், நடிகை மனோரமா பிறந்தது மன்னார்குடியாயிற்றே, நாம் எந்த உரிமையில் அவரை நம் ஊர்க்காரர் என்கிறோம் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பிறந்தது மன்னார்குடிதான், 1937 மே 26 அன்று. பெற்றவர்கள் வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் கைவிட்ட பிறகு தாயார் ராமாமிர்தம் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிழைப்புத் தேடி வந்து சேர்ந்த இடம் செட்டிநாட்டில் உள்ள நம் பள்ளத்தூர். வந்தவர்களை ஊர் தாங்கிப் பிடித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததை நடந்தபடிதான் சொல்ல வேண்டும். தாய் நோயில் விழுந்து ரத்த வாந்தி எடுத்தபோது மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயதுதான் இருக்கும்.

நம் வீடுகளைப் பற்றி இந்தக் குழுவில் எத்தனை மடல்கள் எழுதியிருக்கிறோம்! பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டோம். வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவைத் துடைத்த, பாத்திரம் துலக்கிய பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் பிறகு பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருக்கு நம் ஊரில் கிடைத்தது ஒரு மேடை. அதுவும் தற்செயலாகக் கிடைத்தது. ஊருக்கு வந்த நாடகக் குழு ஒன்று 'அந்தமான் காதலி' என்ற நாடகத்தைப் போட்டது. அதில் ஒரு சிறு வேடத்துக்கு வைத்திருந்த நடிகைக்குப் பாட வரவில்லை. பாடக்கூடிய பெண் யாராவது இருக்கிறாளா என்று தேடியபோது இந்தச் சிறுமியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மனோரமாவே பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் வைத்த பெயர்தான் மனோரமா. மேடையில் 'பள்ளத்தூர் பாப்பா' என்றும் அழைத்தார்கள். தம்பி, ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர் அவர். உரிமை என்றால் அதுதான். ஊர் கொடுத்த உரிமை அல்ல, அவர் நமக்குக் கொடுத்தது.

நகைச்சுவை நடிகை என்று எல்லோரும் பேசுகிறோம். அவரை மேடையேற்றியது குரல் என்பதை மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்து நாடக மேடையில் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தவர் காது வரை பாட்டு போக வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை அவருடையது. 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் வி. குமார் இசையில் அவர் பாடிய 'வா வாத்தியாரே வூட்டாண்ட' பாட்டை இன்று இரவு ஒருமுறை போட்டுக் கேளுங்கள். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த பெண்மணி சென்னைப் பேச்சைப் பாட்டில் என்ன லாவகமாகக் கையாள்கிறார்! 'வூட்டாண்ட' என்ற சொல்லை அவர் இழுத்து விடும் இடத்தில் கேலி இல்லை, கொஞ்சல் இருக்கிறது. ஒரு வட்டார மொழியைப் பழிப்பதற்கும் அதற்குள் குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு சொல்லில் தெரியும். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து 1994இல் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'மே மாதம்' படத்தின் 'மெட்ராஸைச் சுத்திப் பார்க்கப் போறேன்' பாட்டிலும் அதே குரல் வந்து சேர்ந்துகொண்டது.

அதே 1968இல்தான் 'தில்லானா மோகனாம்பாள்' படமும் வந்தது. அதில் மனோரமா ஏற்ற நாடகக்காரி வேடம் ஜில் ஜில் ரமாமணி. அவளுடைய பாட்டைப் பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. ஆனால் அந்தப் பேச்சு, மூக்கால் குழையும் அந்தத் தொனி, நடக்கும்போது தோளில் ஏறும் அந்த மிதப்பு எல்லாம் மனோரமாவின் சொந்தச் சரக்கு. ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கும் நாடகக்காரியின் மனத்தை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. சிவாஜியும் பத்மினியும் நடித்த படத்தில் இந்த வேடம் கூடவே நினைவில் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சினிமாவுக்கு அவர் வந்த வழியிலும் நம் பக்கத்துக் கை ஒன்று இருக்கிறது. சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் 1958இல் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'தான் அவருக்கு முதல் படம். அதற்குமுன் கிடைத்த வாய்ப்பு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. தன்னால் நகைச்சுவை வேடம் செய்ய முடியும் என்று நம்பியவர் கவிஞர் ஒருவர்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கதாநாயகியாகவும் நடித்தார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி' அப்படி ஒரு படம். பிறகு நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே போக, அவர் மட்டும் மாறாமல் நின்றார். ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது, அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று முதலமைச்சர் ஐவரோடு நடித்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. 'புதிய பாதை' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியதையும் 2002இல் பத்மஸ்ரீ பெற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1986இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்'. விசுவின் படம். மனோரமா வேலைக்காரி கண்ணம்மா. குடும்பத்து மனிதர்கள் வாயடைத்துப்போகும் இடத்தில் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசுவாள். காரைக்குடித் தியேட்டரில் என் அப்பத்தாவோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். தியேட்டரே கைகொட்டிச் சிரித்தது. அப்பத்தா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "அவ பார்த்த வேலைதானே அது" என்றார்கள். அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது அந்தப் படத்தைப் போட்டால் கண்ணம்மாவின் கைகளைத்தான் பார்க்கிறேன்.

உலகமே அவரை 'ஆச்சி' என்று கூப்பிட்டது. நம் வீடுகளில் அந்தச் சொல்லின் எடை நமக்குத் தெரியும். உடன்பிறந்த அக்காவையும் மதிப்புக்குரிய வீட்டுப் பெண்களையும் அழைக்கும் சொல். நம் தெருக்களில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பிள்ளையை யாரும் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் அவர் காலமானபோது, தமிழ்நாடு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் அழுதது.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய அப்பத்தாவோ ஆயாவோ ஐயாவோ யார் வீட்டிலாவது இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் நம் ஊரில் நாடகம் பார்த்த இரவுகளைப் பற்றிக் கேளுங்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு, திரைச்சீலை, என்ன பாட்டு, யாரோடு போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். எழுத்தில் கொண்டுவரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் மறக்காமல் கேட்டு வாருங்கள்.

அன்புடன்,
மெல்போர்னில் இருந்து உங்கள் அண்ணன்