பறையிசை ஆல்பத்துக்கு அட்டை: எழுத்துரு சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவி நான். மீடியா புராஜெக்டுக்காக எங்கள் குழு ஒரு பறையிசை ஆல்பம் செய்கிறது. அட்டை என் பொறுப்பு. இணையத்துக்கு 3000 x 3000 பிக்சல் சதுரம், சிடி உறைக்கு 12 சென்டிமீட்டர் அச்சு, இரண்டும் தர வேண்டும்.

படம் தயார். தீயில் காய்ச்சும் பறையை மேலிருந்து எடுத்த போட்டோ. தோலின் நடுவில் அடி விழுந்து விழுந்து கறுத்த வட்டம், ஓரத்தில் பறை அடிக்கும் நீளமான சிம்புக்குச்சி.

சிக்கல் தலைப்பில்தான். போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகிறது. 'ணை', 'னை' எல்லாம் ஒரே கறுப்புப் பொட்டு. ஆங்கிலத்தில் போட்டுவிடலாம் என்கிறார்கள் குழுவில். பறைக்கு ஆங்கிலத் தலைப்பா? எனக்கு மனசு வரவில்லை.

பழைய சுவரெழுத்துச் சாயலில், தடிமனான, இலவச யூனிகோடு எழுத்துரு ஏதாவது தெரியுமா? அப்புறம், திரையில் பளிச்சென்று இருக்கும் தீயின் ஆரஞ்சு, அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றினால் செங்கல் நிறமாக மங்குகிறது. அச்சு வேலை தெரிந்த அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மாதிரிப் படம் முதல் கமெண்டில் இருக்கிறது.