காதில் நின்றுவிட்ட ஒரு சொல்: உக்ரைனிய மொழியும் சீனமும்

வின்னித்சியாவில் படித்தவர்:

நான் உக்ரைனின் வின்னித்சியாவிலும் என் தம்பி சீனாவின் வூஹானிலும் மருத்துவம் படித்தோம் என்பதால், இரண்டில் எது கடினமான மொழி என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீரவில்லை. என்னை உறுத்துவது அந்த வழக்கு அல்ல. மூன்றாம் ஆண்டில் ஒரு வார்டில் நடந்த ஒரு நிமிடம்.

நோயாளியிடம் விவரம் கேட்டு எழுத வேண்டிய பயிற்சி நாள் அது. ஏழு வேற்றுமைகளின் ஈறுகளையும் முந்தைய இரவு உருப்போட்டிருந்தேன். சன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மூதாட்டியின் அருகில் நின்று ‘பபூசியா’ என்றேன். பாட்டி என்று பொருள். அவர் திரும்பவில்லை. காது மந்தம் போலும் என்று எண்ணிக் குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். ‘எந்தப் பாட்டியைச் சொல்கிறாய்?’ என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு மெல்லத் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘பபூசியூ’ என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தார். பெயரை அப்படியே சொன்னால் அது ஒருவரைப் பற்றிய பேச்சு. அவரையே கூப்பிட வேண்டுமானால் ஈறு மாற வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? அவர்கள் ஏழாவதாக வைத்திருப்பது நம்முடைய எட்டாம் வேற்றுமையான விளி. தொல்காப்பியத்தில் அதற்கு விளிமரபு என்று தனி இயலே உண்டு. நாம் மகனை ‘மகனே’ என்று அழைப்பதைப் போலவே அவர்கள் இவானை ‘இவானே’ என்றும், உடன்பிறந்தவனான ‘பிராத்’தை ‘பிராத்தே’ என்றும் அழைக்கிறார்கள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஒன்றை, அத்தனை தொலைவில் ஒரு நோயாளி கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

சீனாவின் ஹூபே மாநிலத்தில் பயிற்சி மருத்துவராக இருந்தவர்:

சீனத்தில் அந்தத் தொல்லை இல்லை. வேற்றுமை உருபு இல்லை, ஆண்பால் பெண்பால் ஈறு இல்லை, நேற்றானாலும் நாளையானாலும் வினைச்சொல் அசையாமல் நிற்கும். நான்கு தொனிகளைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆனால் என்னைக் கவிழ்த்தது தொனி அல்ல, மூச்சு.

வயிற்றுக்கும் முயலுக்கும் சீனத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தூட்ஸ’ என்றுதான் வரும். இரண்டுக்கும் தொனியும் ஒன்றே, இறங்கு தொனி. முயலுக்கு மட்டும் தொடக்கத்துத் தகரத்தோடு மூச்சுக்காற்று வெளியேற வேண்டும். நம் எழுத்திலும் நம் காதிலும் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. எங்கள் ஆசிரியை ஒரு தாளை என் உதட்டருகே பிடித்து, அது படபடக்கும்வரை விடமாட்டார். அந்தப் பயத்தில், தேவையான இடம், தேவையற்ற இடம் என்று பாராமல் எல்லா எழுத்துக்கும் காற்றை ஊதப் பழகிவிட்டேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் படுக்கையில் இருந்த ஒருவரிடம், மிகுந்த மரியாதையோடு, ‘உங்கள் முயல் வலிக்கிறதா?’ என்று கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் இரு கைகளாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். செவிலியர் ஓடி வந்தார். சீன மொழித்திறனுக்கான அப்போதைய ஹெச்.எஸ்.கே. தேர்வின் நான்காம் நிலைக்குரிய 1200 சொற்களையும் படித்துத் தேறியிருந்தேன் என்பதை யாரிடம் சொல்வது? நோயாளி மறுமொழி சொன்னதோ ஊர் வட்டார வழக்கில். அதைப் பொதுச்சீனத்தில் மாற்றிச் சொல்லவும் அந்தச் செவிலியரே வேண்டியிருந்தது.

கார்கிவ் முன்னாள் மாணவர்:

முதலில் எழுதிய சகோதரியிடம் ஒரு திருத்தம். மருத்துவமனையில் முன்பின் அறியாத மூதாட்டியைப் ‘பாட்டி’ என்று அழைப்பதே அங்கே பொருத்தமன்று. பலர் அதை விரும்புவதில்லை. பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும், அவ்விரண்டும் விளி வேற்றுமையில் வர வேண்டும். மரியா இவானிவ்னா என்பவரை ‘மரியே இவானிவ்னோ’ என்று அழைத்து, நம் ‘நீங்கள்’ போன்ற ‘வி’ என்ற சொல்லால் பேச வேண்டும்.

என் அனுபவம் சிறியது. விடுதி அறையின் பூட்டு பழுதானபோது, பொறுப்பாளரிடம் போய்க் கோட்டை இடிந்துவிட்டது என்று முறையிட்டேன். ‘ஸமோக்’ என்பதில் இரண்டாம் அசையை அழுத்தினால் பூட்டு. முதல் அசையை அழுத்தினால் கோட்டை. அங்கே விடுதிப் பொறுப்பாளருக்குக் ‘கொமெந்தாந்த்’ என்று பெயர் வேறு, கோட்டைத் தளபதிக்கும் அதே சொல்தான்.

இனி அங்கே போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். வேற்றுமை அட்டவணையை உருப்போடாதீர்கள். சொற்றொடராகவே மனத்தில் பதியுங்கள். எண்களைக் கடையில் பழகுங்கள், ஏனென்றால் ஒரு ‘ஹ்ரிவ்னியா’, இரண்டு ‘ஹ்ரிவ்னி’, ஐந்து ‘ஹ்ரிவென்’ என்று எண்ணுக்கேற்ப நாணயத்தின் ஈறே மாறும். இரண்டு முதல் நான்குவரை ஒரு வடிவம், ஐந்திலிருந்து வேறொரு வடிவம். அந்த முதல் ஒலியை வடமொழிக் ககரம்போல அழுத்தாமல், ‘அகம்’ என்று சொல்லும்போது நம் ககரம் நெகிழ்வதைப் போல நெகிழ்த்திச் சொன்னால் போதும். பாடநூலிலும் அகராதியிலும் மட்டும் அழுத்தக்குறி இருக்கும், தெருவில் இருக்காது. ஆகையால் எந்தப் புதுச்சொல்லையும் காதால் கேட்காமல் வாயால் சொல்லாதீர்கள். நான் படித்தபோது கார்கிவ் தெருக்களில் பெரும்பாலும் ரஷ்ய மொழியே ஒலித்தது என்பதால், ஒரே சொல்லை வகுப்பில் ஒருவிதமாகவும் கடையில் வேறுவிதமாகவும் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

சீனாவின் ஈவூ நகருக்குச் சரக்கெடுக்கப் போய்வருபவர்:

சீனத்தில் வினை அசையாது என்று எழுதிய மருத்துவர், கேட்பவருக்கு இலக்கணமே இல்லை என்ற எண்ணத்தை உண்டாக்குகிறார். ஈறு மாறாதே தவிர, வேறிடத்தில் வாடகை வசூலித்துவிடுவார்கள். எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் அளவுச்சொல் வந்தாக வேண்டும். சட்டைக்கு ‘ஜியன்’, கால்சட்டைக்கு ‘தியாவ்’. அதே ‘தியாவ்’ மீனுக்கும் ஆற்றுக்கும் சாலைக்கும் உரியது. நீளமாக இருப்பதுதான் அவற்றின் உறவு. மூன்று பேர், ஒரு முழம் பூ என்று சொல்கிற நமக்கு இது அறவே அந்நியம் அல்ல என்றாலும், நாம் அங்கங்கே செய்வதை அவர்கள் எங்கும் செய்கிறார்கள்.

என் கதை தொனியைப் பற்றியது, ஆகவே தொனி ஒரு பொருட்டல்ல என்பதையும் ஏற்கமாட்டேன். ‘மை’ என்பது தாழ்ந்து எழுந்தால் வாங்குவது. சட்டென்று இறங்கினால் விற்பது. பொத்தான் கடையொன்றில், ஐம்பதாயிரம் பொத்தான் வாங்க வந்திருக்கிறேன் என்பதை விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, அந்த அம்மாள் முகம் கடுகடுத்ததை இன்றும் மறக்கவில்லை. தமக்கே பொத்தான் விற்க வந்த வெளிநாட்டுக்காரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கணிப்பானை என் பக்கம் திருப்பி வைத்தார். மீதிப் பேச்சு முழுவதும் அதில்தான் நடந்தது.

கப்பல் எந்திர அறையில் வேலை பார்ப்பவர்:

பட்டதாரிகள் நடுவே என் பங்கு. உக்ரைனின் ஒதேசாவைச் சேர்ந்த ஒரு பொறியாளரோடும் சீனப் பணியாளர்களோடும் ஒரே கப்பலில் இருந்திருக்கிறேன். வெப்பநிலைப் பதிவேட்டில் எண்களை உரக்கச் சொல்லி எழுதுவோம். சீனத்தில் தொண்ணூறு என்பது ‘ஜியோ ஷ’, அப்பழுக்கில்லாத ஒன்பது பத்து. உக்ரைனியத்திலோ அது ‘தெவ்யனோஸ்தோ’. ‘ஸ்தோ’ என்றால் நூறு. நூறு ஆகாத எண்ணின் வாலில் நூறு ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் ஒரு வேடிக்கையாகச் சொன்னபோது, எங்கள் ‘தொண்ணூறு’ம் அப்படியே என்று எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் அப்போது ரஷ்ய மொழியில்தான் பேசுவார். ‘ஸ்பசீபா’ என்று நன்றி சொல்ல எனக்குக் கற்றுத்தந்தவரும் அவரே. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த மறுமாதம், 2022 மார்ச்சில் ஒருநாள் அவர் நீட்டிய திருகுசாவியை வாங்கிக்கொண்டு வழக்கம்போல ‘ஸ்பசீபா’ என்றேன். அவர் சாவியின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு, உக்ரைனியத்தில் நன்றி என்று பொருள்படும் ‘த்யாகுயூ’ என்றார். நானும் சொன்னேன். அதன்பின்தான் விட்டார்.

வின்னித்சியாவில் படித்தவர்:

கார்கிவ் சகோதரர் சொல்வது சரி. எங்கள் ஆசிரியரும் அன்று மாலையே அதைச் சொன்னார். பழைய பயிற்சிக் குறிப்பேட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். அந்த மூதாட்டியின் பெயரும் தந்தைவழிப் பெயரும் என் கையெழுத்தில் முதல் வரியில் இருக்கின்றன, எழுவாய் வடிவத்தில். அவரை நான் அந்தப் பெயரால் அழைத்ததே இல்லை.