ஒரே அறிகுறிக்கு ரெண்டு பதில் வருது: கிளிப்ஸ் விதிகளில் உதவி வேணும்

வணக்கம். மேலூர்ல எங்க சித்தப்பா மோட்டார் வைண்டிங் பட்டறை வச்சிருக்கார். ஃபோன்ல புகாரைக் கேட்டே, பையன் என்ன சாமான் எடுத்துட்டுப் போகணும்னு சொல்லிருவார். அவர் இல்லாத நேரத்துக்கு உதவட்டும்னு, அவர் சொல்லச் சொல்ல கிளிப்ஸ்ல (இந்த அறிகுறி இருந்தா இந்த முடிவுன்னு விதி எழுதுற கணினி மொழி) 64 விதி எழுதியிருக்கேன்.

சிக்கல் இதுதான். சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள். உறுமுது, சுத்தல, ஆம்பியர் ஏறி ஓவர்லோடு ட்ரிப் ஆகுது. இதைக் கொடுத்தா "கபாசிட்டர் போச்சு"ன்னும் வருது, "பம்பு மண்ணடிச்சு இறுகிருச்சு"ன்னும் வருது. கபாசிட்டர் விதிக்கு சேலியன்ஸ் (முன்னுரிமை எண்) 100 போட்டேன். போன வாரம் பையன் கபாசிட்டரோட கொட்டாம்பட்டி போய்ட்டு சும்மா திரும்பினான். அங்க வேண்டியிருந்தது குழாயைத் தூக்குற செயின் புல்லி.

பதில்:
சேலியன்ஸை எடுத்துருங்க. எந்த விதி முதல்ல ஓடணும்னுதான் அது சொல்லும். எது சரின்னு சொல்லாது. ரெண்டு விதிக்கும் நிபந்தனை ஒண்ணா இருந்தா ரெண்டும் கிளம்பத்தான் செய்யும். பிரிக்கிற நிபந்தனை உங்க சித்தப்பா மனசுல இருக்கு. "விதி சொல்லுங்க"ன்னு கேட்டா அது வராது. பட்டறையில உக்காந்து, அவர் ஃபோன்ல கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதுங்க.

இன்னொரு பதில்:
அதோட, சந்தேகம் ரெண்டும் நிக்கும்போது கேள்வி கேட்கிற விதி ஒண்ணு சேருங்க. 1970-கள்ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல செஞ்ச மைசின்ங்கற கணினி நிரல், ரத்தத்துல வர்ற கிருமித்தொற்றுக்கு மருந்து சொல்ல ஏறக்குறைய 600 விதி வச்சிருந்துச்சு. "இதை ஏன் கேட்கிற?"ன்னு டாக்டர் கேட்டா, அந்த நேரத்து விதியைக் காட்டும். உங்களுக்கும் அது அவசியம். விதியைத் தமிழ்ல காட்டினா, தப்பு எங்கன்னு சித்தப்பாவே கை வச்சுக் காட்டிருவார்.

கேட்டவர்:
ரெண்டு நாள் உக்காந்தேன். யார் கூப்பிட்டாலும், "மோட்டார் கடைசியா எப்பண்ணே ஓடுச்சு?"ன்னு கேட்கிறார். நலம் விசாரிக்கிறார்னு நினைச்சு இத்தனை நாளும் விட்டுட்டேன்! நேத்து வரைக்கும் ஓடியிருந்தா கபாசிட்டர் மேல சந்தேகம். மாசக்கணக்கா சும்மா கிடந்திருந்தா இறுக்கம். சேர்த்ததும் கொட்டாம்பட்டி வேலைக்குச் சரியான பதில் வருது. ஆனா வோல்டேஜ் குறைஞ்சாலும் மோட்டார் உறுமும்; அதுக்கு என்கிட்ட விதியே இல்ல. எப்ப ஓடுச்சுன்னே தெரியாதவங்களும் இருக்காங்க.

பதில்:
வோல்டேஜை முதல் கேள்வியாக்குங்க. அது சரியா இருந்தா மட்டும் மத்த ரெண்டுக்கும் போகட்டும். "தெரியாது"ங்கறதையும் ஒரு விடையா வைங்க. அந்த நேரத்துல சித்தப்பா என்ன செய்வார்?

கேட்டவர்:
கேட்டேன். "ரெண்டையும் வண்டியில ஏத்துடா"ன்னார். அதையே 66-வது விதியாப் போட்டுட்டேன்.