மறு: யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ: 'விட்டபின் தொடல்' சரிவருமா?

வணக்கம். திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவக இடத்தை நிரல் மறுபடி தொடும் பிழைதான் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கேள்வி இது:

> 'நினைவகச் சிதைவு' என்று பொதுவாகப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது என்பது என் கட்சி. மெமரி கரப்ஷனை 'நினைவக ஊழல்' என்று எழுதிய மொழிபெயர்ப்பையும் பார்த்தவன் என்பதால், 'சிதைவு' மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது விளைவின் பெயர். நமக்கு வேண்டியது வழுவின் பெயர்.

2016 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் வழு ஒன்றைப் பாருங்கள்: சிவிஇ-2016-0728 (சிவிஇ என்பது பாதுகாப்பு வழுக்களுக்குத் தரும் பொது எண்). கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவுக்குள், சாவிக்கொத்து என்றொரு பொருள் உண்டு. அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று 32 பிட் எண் ஒன்று கணக்கு வைக்கும். ஒரு நிரல், தான் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொத்திலேயே மறுபடி சேரக் கேட்டால், எண் ஒன்று கூடும். நிரல்வரிகளில் இந்த நிலையைக் கையாளும் கிளையில் மட்டும் அதைத் திரும்பக் குறைக்க மறந்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ 429 கோடி தடவைக்கு அப்புறம் எண் சுற்றி வந்து பூஜ்யத்தில் நிற்கும். யாரும் பிடிக்கவில்லை என்று நம்பி கெர்னல் அந்த இடத்தை விட்டுவிடும். வேறு பொருளுக்கு ஒதுக்கியும் விடும். பழைய சுட்டியோ (நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் பாயின்டர்) இன்னும் அங்கேயே காட்டிக்கொண்டிருக்கும். காலி செய்துபோன குடித்தனக்காரர் பழைய சாவியோடு வந்து, புதியவர் வீட்டு அடுப்பில் உலை வைக்கிற கதை.

லினக்ஸ் 3.8 பதிப்பு முதல் இருந்த இந்த வழுவுக்குத் திருத்தம் ஒரே வரி: அந்தக் கிளையில் பிடியை விடும் ஓர் அழைப்பு.

இதில் ரேம் எங்கே சிதைந்தது? அது நலமாகத்தான் இருந்தது. 'சிதைவு' என்று படிக்கும் மாணவர் வன்பொருளைச் சந்தேகிப்பார்.

'விடுவித்தபின் பயன்பாடு' என்ற பரிந்துரையில் எனக்குப் 'பயன்பாடு'தான் உறுத்துகிறது. அப்ளிகேஷனுக்கும் அதைத்தான் எழுதுகிறோம். தவிர, விட்ட இடத்திலிருந்து ஒரு பைட்டைச் சும்மா படித்தாலே அது பிழை. அதில் பயன் ஒன்றுமில்லை. 'தொடல்' படிப்பது, எழுதுவது இரண்டுக்கும் பொருந்தும். நினைவகப் பிழைகளைத் தேடும், கெர்னலின் காசான் கருவி இந்தப் பிழையைப் பிடித்தால் மூன்று தடங்களைக் காட்டும்: தொட்ட இடம், ஒதுக்கிய இடம், விட்ட இடம். நம் சொற்கள் அந்த அறிக்கையில் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன.

கூடவே, எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் அந்த எண்ணுக்கு, அதாவது ரெஃபரன்ஸ் கவுண்டுக்கு, 'மேற்கோள் எண்ணிக்கை' வேண்டாமே. யாரும் யாரையும் மேற்கோள் காட்டவில்லை. 'பிடியெண்' என்றால் மேலே சொன்ன கதை முழுவதும் பிடிப்பது, விடுவது என்ற இரண்டு வினைகளில் முடிந்துவிடும். 2017இல் லினக்ஸ் 4.11 பதிப்பில் வந்த புது எண் வகை சுற்றி வராமல் உச்சியிலேயே நின்றுவிடும். அதை 'நிறைபிடியெண்' எனலாம். இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், பிடிக்காதவர்கள் தள்ளிவிடுங்கள். விட்ட இடத்தையே மறுபடி விடும் டபுள் ஃப்ரீ 'இருமுறை விடல்' ஆகிவிடும்.

'விட்டபின்' பேச்சுவழக்காக இருக்கிறது என்ற ஆட்சேபம் வரும். வரட்டும். 'விடுத்தபின்' என்றால் அறிக்கை விடுத்த மாதிரி இருக்கிறது. சுட்டி மவுஸையும் குறிக்கிறதே என்பவர்களுக்குத் தனி மடல் இழை தொடங்கலாம். அதை இங்கே இழுத்தால் இந்தச் சொல் இந்த மாதம் முடியாது.