கிராமத்தைச் செதுக்கிய இரண்டு கைகள்: பிரித்தறிய உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். 1559, 1561 ஆம் ஆண்டுகளில் ஆண்ட்வெர்ப்பில் ஹிரோனிமஸ் காக் வெளியிட்ட 'சிறு நிலக்காட்சிகள்' அச்சுப்படங்களில் மனதைப் பறிகொடுத்திருக்கிறேன். புராணக் கதை இல்லை, வீரன் இல்லை. கூரை வேய்ந்த வீடு, வேலி, ஊருக்குள் வளைந்து போகும் மண்பாதை, அவ்வளவுதான். அதுவே படத்துக்குப் போதும் என்று நினைக்க அந்தக் காலத்தில் எத்தனை துணிவு வேண்டும்!

1612இல் ஆம்ஸ்டர்டாமில் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் இவற்றில் பலவற்றை மறுபடி செதுக்கி, ஓவியர் புரூகல் வரைந்தவை என்று முகப்பில் போட்டு வெளியிட்டார்.

இரண்டையும் அருகருகே வைத்து மாணவர்களுக்குக் காட்டப் போகிறேன். செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு செதுக்கிப் பழகியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: இலைக்கொத்திலும் கூரை வைக்கோலிலும் எந்தக் கோடுகளைப் பார்த்து முதல் அச்சைச் செதுக்கிய கையையும் விஸ்ஸரின் கையையும் பிரித்தறிவது?