இணையக் குழுவில் களப்பணி: ஒப்புதல் வாங்குவது எப்படி?

வணக்கம். மாடித்தோட்டக்காரர்கள் விதை பரிமாறிக்கொள்ளும் ஒரு டெலிகிராம் குழுவில் மானிடவியல் களப்பணி (மக்களோடு பழகி, கவனித்து ஆராய்வது) செய்கிறேன். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி பப்புவா நியூ கினி பக்கமுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கியபோது, வெளியாள் ஒருவர் கவனிக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். இங்கே நான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் உறுத்துகிறது. டாம் பெல்ஸ்டார்ஃப் என்ற மானிடவியலாளர் 2004 முதல் 2007 வரை செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகில், தான் ஆய்வாளர் என்று சொல்லித்தான் பழகினார்.

நானும் அட்மின் அனுமதியோடு அறிவிப்புப் போட்டுவிட்டேன். ஆனால் புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்களே, அவர்களிடம் எப்படி ஒப்புதல் வாங்குவது? அப்புறம், பெயரை மாற்றினாலும் ஒருவர் எழுதிய வரியை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். என் சொற்களில் மாற்றி எழுதினாலோ அவர்கள் பேச்சின் ருசி போய்விடுகிறது.

இப்படிக் களப்பணி செய்தவர்கள் என்ன வழி கண்டீர்கள்? தமிழில் ஒப்புதல் படிவ மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.