சங்கக் கணக்கு: இனி ஒவ்வொருவருக்கும் தனி லொகின்

வணக்கம் உறவுகளே,

கனடா ஸ்காபரோவில் இருக்கும் அண்ணன் மார்ச்சில் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்பது நாள் எடுத்தது, அந்த ஒன்பது நாளும் சரியான தூக்கம் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கென்று ஜனவரியில் அவர் அனுப்பியது 50,000 ரூபாய். நான் எல்லோருக்கும் அனுப்பிய அறிக்கையில் 40,000 என்று இருந்தது. மிச்சம் பத்தாயிரம் எங்கே என்பதுதான் கேள்வி.

நம் சங்கக் கணக்கு இருக்கும் குயிக்புக்ஸ் மென்பொருளில் ஓடிட் லொக் (audit log) என்று ஒரு பக்கம் இருக்கிறது. யார் உள்ளே வந்தார், எந்தப் பதிவில் கை வைத்தார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் தானாகவே அதில் விழும். அதை நிறுத்தி வைக்கவும் முடியாது, அட்மினாக இருந்தாலும் அதில் ஒரு வரியை அழிக்கவும் முடியாது. அந்தப் பற்றுச்சீட்டின் வரலாற்றைத் திறந்தேன். ஜனவரி 12, தொகை 50,000. அடுத்தது மார்ச் 3, இரவு 11.40, தொகை 40,000. இரண்டுக்கும் நேரே என் பெயர். மார்ச் 3 இரவு நான் தோஹாவில் நைட் ஷிப்டில் நின்றேன்.

என் பாஸ்வேர்ட் நாலு பேரிடம் இருந்தது. கொடுத்தது நான்தான்.

கடைசியில் விசயம் ஒன்றுமில்லை. அதில் பத்தாயிரம் கோயில் திருவிழாவுக்கு என்று அண்ணி போனில் சொல்ல, ஹட்டனில் இருக்கும் தம்பி இங்கே குறைத்துவிட்டு கோயில் கொப்பியில் எழுதியிருக்கிறார். ஒரு சதம் குறையவில்லை. ஆனால் அது தெரியவரும் வரைக்கும் நாங்கள் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிய விதத்தை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ எழுதிக் கொடுக்கும் துண்டுகளை ஒரு பால்மா டின்னில் போட்டு வைப்பார். ஒரு மாதம் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், 18 என்பது 16 ஆகியிருந்தது, மேலே எழுதித் திருத்திய அடையாளம் தெரிந்தது, யார் திருத்தியது என்று எழுதவில்லை. அந்த இரண்டு கிலோவில் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளம், அரைப் பேராகிவிட்டது. அம்மா டின்னோடு போய் நின்றுதான் அதை மீட்டார். அப்படி வளர்ந்த நாம் நம் கணக்கிலேயே யார் திருத்தியது என்று தெரியாமல் வைத்திருக்கலாமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் நம் சொந்தங்களில் கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பனிகள் பாவிக்கும் கணக்கு மென்பொருளில் இந்த மாற்றப் பதிவு கட்டாயம், அதை நிறுத்தவும் கூடாது. நம்மை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, ஆனால் நம்மிடம் இருப்பது பிள்ளைகளின் படிப்புக் காசு.

சரி, இப்போது செய்வது இதுதான். நம்மிடம் இருக்கும் எசென்ஷியல்ஸ் திட்டத்தில் மூன்று பேருக்குத் தனித்தனி லொகின் கொடுக்கலாம்: பொருளாளர், செயலாளர், ஹட்டன் தம்பி. கணக்காய்வாளரைக் கணக்காளராக அழைத்தால் அவர் இந்த மூன்றில் சேரமாட்டார். பிழையான பற்றுச்சீட்டை டிலீட் செய்யாதீர்கள், வொய்ட் (void) செய்யுங்கள், அதாவது செல்லாததாக்குங்கள். டிலீட் செய்தால் அறிக்கையிலிருந்து போய்விடும், லொக்கில் தேடினால்தான் கிடைக்கும். வொய்ட் செய்தால் இலக்கம் அப்படியே நிற்கும், தொகை மட்டும் பூச்சியமாகும். தொகையைத் திருத்தினால் காரணத்தைக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் என்ன மாறியது என்று லொக் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் அந்தத் திகதிவரை கணக்கை மூடி பாஸ்வேர்ட் போடுவேன். கோயில் கொப்பியும் இந்த வருசமே உள்ளே வரவேண்டும், தம்பி, அதற்கு நான் ஒரு சனிக்கிழமை போனில் கூட இருக்கிறேன்.

பழைய பாஸ்வேர்டை நேற்று இரவே மாற்றிவிட்டேன். செயலாளருக்கும் ஹட்டன் தம்பிக்கும் அழைப்பு மின்னஞ்சல் வந்திருக்கும், இந்தக் கிழமைக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். புது பாஸ்வேர்டை என்னிடமும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பொருளாளர், தோஹா